கூப்பிடும் வரை

ஓர் இடத்தில் நிற்க எனக்கு வராது. பஸ் வரும் வரை நிற்கப் பொறுக்காமல் அடுத்த நிறுத்தம் வரை நடந்து, நடுவழியில் அதே பஸ் என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. "காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்துருக்கா" என்று அம்மா சொல்வார். அப்படிப்பட்ட நான், வாழ்க்கையில் ஓடியிருக்க வேண்டிய ஒரே ஒரு நாளில் நாலு மணி நேரம் அசையாமல் நின்றேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எழுபதுகள் முடியும் தறுவாய். ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அம்மா கொழுந்து எடுப்பவர். அப்பா மருந்துப் பம்பை முதுகில் கட்டிக்கொண்டு மலைச் சரிவில் மருந்தடிப்பவர். நான் தானா ராத்தாவில் பள்ளிக் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்றா சொல்வது? வீட்டுக்கும் தபால் பெட்டிக்கும் நடந்துகொண்டிருந்தேன். கங்காணி இரண்டு முறை வாசலில் நின்று, "புள்ள சும்மாதானே இருக்கு, பேரு போட்டுறவா?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டார். பேர் போடுவது என்றால் தோட்டத்து ஆள் பட்டியலில் சேர்ப்பது. சேர்ந்தால் மறுநாளே முதுகில் கூடை. என்னோடு படித்த பெண்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் ஆனது.

எனக்கு அது வேண்டாம். கொழுந்து எடுப்பது கேவலம் என்று நினைத்ததில்லை. ஒரே மலையை வாழ்நாள் முழுவதும் ஏறி இறங்குவதை நினைத்தாலே மூச்சு முட்டியது, அவ்வளவுதான். பிரிட்டனில் தாதிப் பயிற்சிக்கு வெளிநாட்டுப் பெண்களை எடுக்கிறார்கள் என்று பள்ளியில் கேள்விப்பட்டு, நூலகத்தில் முகவரி தேடி, பதினொரு மருத்துவமனைகளுக்கு எழுதினேன். பத்து பேர் கைவிரித்தார்கள். ஒன்று, வா என்றது. மூன்று வருடப் படிப்பு. வகுப்பு ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கும், அன்று வந்து சேராதவரின் இடம் காத்திருப்போர் பட்டியலில் உள்ள அடுத்தவருக்குப் போகும் என்று கடிதத்தின் கடைசியில் இருந்தது. அந்தத் தாளை மடித்து மடித்துப் பிரித்ததில் மடிப்பிலேயே கிழிந்துபோனது. அம்மாவின் சங்கிலி விமானச் சீட்டாக மாறியது. அந்தச் சீட்டைத் தவற விட்டால் இன்னொன்றுக்கு வீட்டில் எதுவும் மிச்சம் இல்லை.

புறப்பட்ட அன்று லயத்துப் பெண்கள் எல்லோரும் மலையிலிருந்து இறங்கியதும் நேரே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். "குளிரு நமக்கென்ன புதுசா? நம்ம பிரிஞ்சாங் மலை மாதிரிதான் இருக்கும்லா" என்று ஒருவர் தைரியம் சொன்னார். இன்னொருவர் கப்பலில் ஜன்னல் பக்கம் உட்காராதே, காற்று அடிக்கும் என்றார். எங்கள் பக்கம் விமானத்தையும் கப்பல் என்றே சொல்வோம். எனக்கோ காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்ட நிலை. டாக்சிக்காரர் ஹாரன் அடிக்க, நான் பெட்டியைத் தூக்க, அம்மா திருநீற்றைத் தேட, அப்பா மட்டும் எல்லோரிடமும் தனித்தனியாக, "போயிட்டு வர்றோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போவது நான், சொல்லிக்கொள்வது அவர்.

மலையடிவாரத்துத் தாப்பா வரைக்கும் வளைவு வளைவாக இறங்கினோம். அம்மா இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். பாவம் என்று முதுகைத் தடவிவிட்டேன், ஆனால் கண் கைக்கடிகாரத்தில்தான் இருந்தது. சுபாங் விமான நிலையத்துக்குப் பின்னேரம் போய்ச் சேர்ந்தபோது, விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அந்த மூன்று மணி நேரமும் நான் கண்ணாடிக் கதவுக்கும் கடிகாரத்துக்கும் நடந்தேன். அப்பா ஒரு தூணோரம் நின்றார். காலியாகக் கிடந்த நாற்காலிகளில் அவர் உட்காரவில்லை. "ஒக்காருங்கப்பா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். "இருக்கட்டும் தாயி" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிரியும் நேரத்தில்கூட அவரிடம் நல்லபடியாகப் பேசாமல் உள்ளே போனேன். திரும்பிப் பார்த்தபோது அவர் அதே தூணோரம் நின்று கையை ஆட்டினார். அம்மா அழுதுகொண்டிருந்தார்.

அது வெள்ளிக்கிழமை இரவு. வழியில் ஓர் அரபு ஊரில் இறங்கி விமானம் மாற வேண்டும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே இறங்கினோம். அடுத்தது பத்து மணிக்கு. விமானம் மாறும் பயணிகளின் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒரு மேசையில் வாங்கிக்கொண்டார்கள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர். காகிதங்களை அடுக்கிய விதமும், நிமிர்ந்து பார்க்காமலே பேசிய விதமும் எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியை உரித்து வைத்திருந்தன. "அங்கே இருங்கள், கூப்பிடுகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். விமானம் மாற வந்த இருபது பேரிடமும் அதையேதான் சொன்னார்.

பத்து நிமிடம் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒருவர் எழுந்து மேசைக்குப் போனார். என்னமோ கேட்டார், விமானம் ஏறும் அட்டை கிடைத்தது, போய்விட்டார். அடுத்து இரண்டு பேர். அடுத்து ஒரு குடும்பமே போய் மேசையை மொய்த்தது. எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கூப்பிடுகிறேன் என்று சொன்ன பிறகு இப்படியா போய் விழுவார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்து, மேசைக்குப் பத்தடி தூரத்தில், அவர் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற மாதிரி ஓர் இடத்தில் போய் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன். நான்தான் கட்டினேனா, அதுவாகக் கட்டிக்கொண்டதா தெரியாது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பருமனான பஞ்சாபி அம்மா. மகனைப் பார்க்கப் போகிறவர், ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. அவர் நேராகப் போய்த் தன் கையால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். அந்த ஆள் திடுக்கிட்டு நிமிர்ந்து, அவருடைய அட்டையை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா திரும்பி வரும்போது என்னைப் பார்த்து, வா, போ என்று கையைக் காட்டினார். நான் சிரித்துவிட்டு நின்றேன். எட்டு மணி ஆனது. ஒன்பது ஆனது. என் சிவப்பு பாஸ்போர்ட் ஒரு கோப்புக்கு அடியில் விளிம்பு மட்டும் நீட்டிக்கொண்டு இருப்பது எனக்குத் தெரிந்தது. போடி, போய்க் கேளடி, திங்கட்கிழமை எட்டு மணி என்று எனக்கு நானே சொன்னேன். கால் நகரவில்லை.

ஏன் நகரவில்லை என்பதற்கு எங்கள் தோட்டத்து ஆபீசைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாருக்கு என்ன வேண்டுமானாலும், லீவோ, ஆஸ்பத்திரிச் சீட்டோ, கூரை ஒழுகுகிறது என்ற புகாரோ, ஆபீஸ் படியில் யாரும் ஏற மாட்டார்கள். எதிரே ஒரு மரம். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் கீழே நிற்க வேண்டும். கிராணி எப்போதாவது ஜன்னல் வழியாகப் பார்ப்பார். பார்த்ததும் கூப்பிட மாட்டார், அவருக்கு நேரம் வரும்போது கூப்பிடுவார். கூப்பிட்டால் படி வரை போகலாம். தோட்டத்தை நடத்தும் துரை வந்தால் தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர வேண்டும். அப்போதைய துரை வெள்ளைக்காரர்கூட இல்லை, நம் நாட்டுக்காரர்தான். இருந்தாலும் துரை துரைதான். கூப்பிடாமல் போவதற்கு எங்களிடம் ஒரே பெயர்தான் உண்டு, திமிர்.

மருத்துவமனை என்னைப் பற்றி ஒரு நன்னடத்தைக் கடிதம் கேட்டிருந்தது. அதற்காக அப்பா மூன்று நாள் அந்த மரத்தடியில் நின்றார். மூன்றாம் நாள் மழை. கறுப்பு பிளாஸ்டிக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு நின்றார். நான் குடையோடு போய்ப் பார்த்துவிட்டுப் பொரிந்து தள்ளினேன். "என்னப்பா இது, மரத்தோட மரமா நிக்கிறீங்க? நான் போயிக் கேக்குறேன், நாலு வரி எழுதக் கசக்குதா அவருக்கு?" என்று படியை நோக்கி நடந்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். என்னை ஒரு நாளும் அடித்தறியாதவர், அன்று வலிக்கப் பிடித்தார். "வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றார். அவர் முகத்தில் இருந்தது பயம். கடிதம் நாலாம் நாள் கிடைத்தது. ஆனால் அந்தப் பயத்தை நான் மன்னிக்கவில்லை. என் அப்பா ஒரு கோழை என்று அன்று முடிவு கட்டினேன். சுபாங்கில் தூணோரம் அவர் நின்றபோது எனக்கு வந்த எரிச்சல் அதுதான்.

இப்போது நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த எல்லா ஏச்சும் எனக்கே பொருந்தியது. சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை அந்த மரத்தடியில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். படிப்பு மண்டைக்குள் போயிருந்தது, இது காலுக்குள் போயிருந்தது.

பத்து மணிக்கு மேல் அந்த ஆள் மேசையை ஒழித்தார். கோப்பைத் தூக்கினார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது உன்னுடையதா?" என்றார். "ஆமாம்." கண்ணாடிச் சுவருக்கு வெளியே கையைக் காட்டினார். "அதோ, உன் விமானம் நகர்ந்துவிட்டது. இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய்?"

"இங்கேதான். நீங்கள் கூப்பிடவில்லை" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. தலையில் கையை வைத்துக்கொண்டார், யார் யாரிடமோ தொலைபேசியில் பேசினார். அடுத்த விமானம் திங்கட்கிழமை, அதுவும் பிற்பகல். அந்தச் சீட்டையே செல்லும்படி செய்து கொடுத்தார், ஒரு குவளைத் தேநீரும் வாங்கித் தந்தார். வாயில் வைக்க விளங்காத தேநீர். குடித்துக்கொண்டே அழுதேன். மருத்துவமனைக்கு ஒரு தந்தி அடிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் லயத்துக்குத் தந்தி வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். வேறு எதற்கும் யாரும் அடித்ததில்லை.

இரண்டு நாள் அந்தக் கூடத்தில் கழிந்தது. எனக்கு வழக்கமான பைத்தியம் திரும்பிவிட்டது. கூடத்தை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அளந்தேன். துடைப்பவர்கள் என்னைச் சுற்றித் துடைத்தார்கள். ஒவ்வொரு மணி நேரமும் மனத்துக்குள் கணக்கு. இப்போது அங்கே ஞாயிறு. இப்போது மற்ற பெண்கள் பெட்டியைத் திறந்து துணி மடித்து வைத்திருப்பார்கள். இப்போது திங்கள், எட்டு மணி, பேர் வாசிக்கிறார்கள், என் பேருக்குப் பதில் இல்லை. அந்த நேரத்தில் கங்காணியின் முகம் வந்தது. அம்மாவின் வெறுங்கழுத்து வந்தது.

லண்டனில் இறங்கி, மறுநாள் முதல் ரயிலைப் பிடித்து, செவ்வாய் மதியம் மருத்துவமனை வாசலில் நின்றேன். குளிர் பிரிஞ்சாங் மாதிரி இல்லை. பயிற்சித் தலைவியின் அறைக்குள் என்னை அனுப்பினார்கள். நரைத்த முடியை இழுத்து வாரிய, நேராக உட்கார்ந்த ஒரு பெண்மணி. என் கடிதத்தைப் புரட்டினார். மூன்று வருட வகுப்பு நேற்றுத் தொடங்கிவிட்டது, உன் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்தாயிற்று என்றார். பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். இரண்டு வருடப் பயிற்சி ஒன்று இருக்கிறது, உன்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் அதில் சந்தோஷமாக இருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

அது என்ன பயிற்சி என்று எனக்குத் தெரியும். பதினொரு மருத்துவமனைகள் அனுப்பிய சிற்றேடுகளையும் மனப்பாடம் செய்தவள் நான். அதை முடித்தால் கடைசி வரை உதவியாள்தான். எங்கள் நாட்டில் அந்தச் சான்றிதழை யாரும் மதிப்பதில்லை என்று அதைப் படித்துத் திரும்பியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தேன். நான் பேனாவை எடுக்காததைப் பார்த்து அவர், "சரி, வெளியே இருந்து யோசி. பிறகு கூப்பிடுகிறேன்" என்றார்.

எழுந்தேன். கதவு வரை போனேன், கைப்பிடியில் கை வைத்தேன். கூப்பிடுகிறேன் என்ற அந்த ஒரு சொல் காதில் விழுந்து உடம்பு முழுதும் பற்றி எரிந்தது. திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நான் வெளியே போகவில்லை. நீங்கள் மூன்று வருடப் படிப்புக்குத்தான் எழுதினீர்கள். அதற்குத்தான் வந்தேன். ஒரு நாள் பாடத்தை இன்றைக்கே படித்துவிடுவேன். முடியாது என்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். இலக்கணம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஏன் தாமதம் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். நாலு மணி நேரமா, போய்க் கேட்டிருக்கலாமே என்றார். தெரியவில்லை என்றேன். பொய், எனக்குத் தெரியும். அதை அவரிடம் விளக்க எனக்கு ஆங்கிலம் போதாது, தமிழும் போதாதுதான். அவர் தொலைபேசியை எடுத்து யாரிடமோ, வகுப்பில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்குமா என்று கேட்டார். வைத்துவிட்டு, "நாளை காலை எட்டு மணி. ஒரு நிமிடம் பிந்தினாலும் நான் உன்னைப் பார்க்க விரும்பவில்லை" என்றார். நான் ஏழு மணிக்கே போய் வாசலில் நடந்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த வாரமே வீட்டுக்கு எழுதினேன். விமானத்தைத் தவற விட்டதை ஒரு வரியில் முடித்துவிட்டு, தலைவியின் அறையில் நான் பேசியதை மட்டும் இரண்டு பக்கம் எழுதினேன். தலைகால் புரியாத பெருமை. கடைசியில் அப்பாவுக்கு என்று தனியாக நாலு வரி. 'உட்கார்ந்து கேட்டேன், ஒரு நிமிடத்தில் கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருடம் மரத்தடியில் நின்றீர்களே, ஒரு நாளாவது உள்ளே போய்க் கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?' என்று எழுதி, ஒட்டி, உடனே தபாலில் போட்டேன். யோசித்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். யோசிப்பதற்கும் கொஞ்ச நேரம் ஓர் இடத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

ஒரு மாதம் கழித்து அப்பாவின் பதில் வந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலு வருடம் படித்த கையெழுத்து.

'தாயி, இவ்விடம் எல்லாரும் சுகம். உன் சுகம் அறிய ஆவல். நீ கேட்டு வாங்குனது ரொம்பச் சந்தோசம். அம்மா லயம் பூரா சொல்லிட்டு வந்துட்டா. நான் ஏன் கேக்கலன்னு எழுதியிருந்த. நீ கைக்கொழந்தையா இருந்தப்ப மேல் லயத்துல ஒருத்தரு கூப்புடாமலே ஆபீசுக்குள்ள போயி, கூரை ஒழுவுதுன்னு கேட்டாரு. தப்பா ஒண்ணும் கேக்கல. மறுநாளு வேலை இல்லன்னுட்டாங்க. வேலை இல்லன்னா லயத்து வீடும் இல்லதானே. சட்டிபானையோட புள்ளைங்கள ரோட்டுல ஒக்கார வச்சிட்டு அவரு லோரி தேடிப் போனாரு. நல்ல மழை. அவரு வர்ற வரைக்கும் நான்தான் அந்தப் புள்ளைங்களுக்குக் குடை புடிச்சிக்கிட்டு நின்னேன். உனக்கு அங்க இல்லன்னு சொல்லியிருந்தாலும் திரும்பி வந்து படுக்க ஒரு வீடு இருந்துச்சு. நீ நல்லாக் கேளு தாயி. பயப்படாமக் கேளு.'

விடுதி மாடிப்படியில் நின்றபடியே அதைப் படித்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். மேலே ஏறிப் போன பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள், உடம்பு சரியில்லையா என்று ஒருத்தி கேட்டாள். வெட்கமாக இருந்தது. அந்த மாதிரி வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். நாலாவது தாளில், இங்கே குளிர் நம் ஊரைவிட அதிகம், சோறு வாரத்தில் ஒரு நாள்தான், படிப்பு நன்றாகப் போகிறது என்று எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் இருந்த வரைக்கும் எத்தனையோ கடிதங்கள், எத்தனையோ முறை நேரில் பார்த்தும் இருக்கிறேன். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கத் தெரிந்த எனக்கு, அவரிடம் மன்னிப்பு மட்டும் கேட்கத் தெரியவில்லை.